வெட்டில் பிறக்கும் நிறம்

கத்திப் பிடிகளுக்குப் பயன்படும் செயற்கைப் பொருள்களுள் ஒரு குடும்பம் அச்சில் ஊற்றி வார்க்கப்படுவதன்று. துணி, காகிதம், கண்ணாடி இழை நெசவு ஆகியவற்றுள் ஒன்றைப் பிசினில் தோய்த்து, தாள் தாளாக அடுக்கி, சூடான எஃகுத் தட்டுகளுக்கு நடுவே நெரித்து, பலகை போன்ற கெட்டித் தகடாக்கி, அதிலிருந்து அறுத்து எடுக்கப்படுவது. மைக்கார்ட்டா, ஜி-10, கரியிழைத் தகடு என்னும் பெயர்களில் விற்கப்படும் இவற்றைப் பொதுவாக அடுக்குக் கலப்புப் பொருள்கள் எனலாம். இவற்றால் பிடியமைந்த கத்தியை வாங்குவோரிடமிருந்து அடிக்கடி எழும் முறையீடு நிறத்தைப் பற்றியது: படத்தில் கண்டது ஒரு நிறம், கைக்கு வந்தது வேறு நிறம், இடப்பக்கத் தகட்டில் வரிகள் நெருங்கியும் வலப்பக்கத்தில் விலகியும் கிடக்கின்றன, வாங்கியபோது வெளிர்ந்திருந்த பிடி ஓராண்டுப் புழக்கத்தில் கருத்துவிட்டது. நிறம் என்பது மேலே பூசப்பட்ட ஒன்று, ஆகவே எல்லாப் பிடியிலும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும் என்ற எண்ணமே இம்முறையீடுகளுக்கு அடிப்படை. ஆனால் இப்பொருள்களில் பூச்சு என்று எதுவும் கிடையாது. துணிக்கோ பிசினுக்கோ ஏற்றிய சாயம் ஒரு பங்கைத்தான் தருகிறது. வெட்டு எந்தக் கோணத்தில் விழுந்தது, இழை எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது, மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாக்கப்பட்டது என்பவையே எஞ்சிய பெரும்பங்கை முடிவு செய்கின்றன.

பெயர்கள் அயலாகத் தோன்றினாலும் பொருள் அயலானதன்று. மேசையின் மேல் ஒட்டும் சன்மைக்காவின் விளிம்பைத் தச்சர் இழைத்துவிட்டபின் அங்கே மெல்லியதாய் ஓடும் பழுப்புக் கோடு, ஃபீனாலிக் பிசினில் ஊறிய காகித அடுக்குகளின் வெட்டுமுகமே. மின்பணியாளர்கள் ஹைலம் ஷீட் என்று கேட்டு வாங்கும் பழுப்புத் தகடும், பழைய ரேடியோப் பெட்டியைத் திறந்தால் உள்ளே தெரியும் பழுப்புச் சுற்றுப்பலகையும் அதே இனம். பிற்காலத்துக் கருவிகளில் அப்பழுப்புப் பலகையின் இடத்தைப் பிடித்த பச்சைப் பலகை, கண்ணாடி இழையும் எப்பாக்ஸிப் பிசினும் சேர்ந்த எஃப்.ஆர்-4, கத்திப் பிடிக்குரிய ஜி-10 அதன் உடன்பிறப்பு. சுற்றுப்பலகையின் அடர்பச்சை மேலே பூசிய காப்புப் படலத்தின் நிறம். அதைச் சுரண்டிவிட்டால் அடியில் இருப்பது வெளிறிய மஞ்சட்பச்சைதான்.

இவ்வினத்தின் தோற்றம் மின்சாரத் தொழிலில் இருக்கிறது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வேதியியலாளர் லியோ பேக்கலண்ட், ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் வினைபுரியச் செய்து பெற்ற பிசினுக்கு 1907-இல் காப்புரிமை கோரி, 1909-இல் அதை உலகுக்கு அறிவித்தார். பேக்கலைட் என்ற பெயர் அவருடைய பெயரிலிருந்து வந்தது. மின்கம்பிச் சுருள்களைப் பிரித்துக் காக்க அதுவரை பெரிதும் பயன்பட்டது காக்காப்பொன் என்று மக்கள் சொல்லும் மைக்கா என்னும் கனிமம். அதன் வேலையைச் செய்யத்தக்க தகடு ஒன்றை, காகிதத்தையும் துணியையும் பேக்கலைட்டில் தோய்த்து அழுத்தி, 1910-ஆம் ஆண்டையொட்டி வெஸ்டிங்ஹவுஸ் மின்னியல் நிறுவனம் உருவாக்கியது. மைக்கார்ட்டா என்பது அதன் வணிகப் பெயர். அந்நிறுவனத்திலிருந்து விலகிய ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓகானர் என்னும் இருவர் 1913-இல் தொடங்கிய ஃபார்மைக்காவின் பெயருக்கும் ‘மைக்காவுக்கு மாற்று’ என்பதே பொருள். ஆக, கத்திப் பிரியர்கள் இன்று அழகு பார்த்து வாங்கும் பொருள், அழகைப் பற்றிய கவலையே இல்லாத பொறியாளர்களின் கண்டுபிடிப்பு. அவர்களுக்கு வேண்டியிருந்தவை மின்காப்பும் வலிமையும் வெப்பந்தாங்கும் தன்மையும். நிறம் எப்படி வந்தாலும் அவர்களுக்குச் சரியே.

கத்திக்கு இது வந்துசேர்ந்ததற்குக் காரணம் எளியது: மரம் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும், கொம்பும் தந்தமும் வெடிக்கும், இத்தகடோ அவ்வாறெல்லாம் செய்யாது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் பட்டறை நடத்தி 2010-இல் மறைந்த பாப் லவ்லெஸ் என்னும் கத்திக் கைவினைஞர் பச்சைக் கித்தான் மைக்கார்ட்டாவை விரும்பிப் பயன்படுத்தினார். அவருடைய கத்திகளின் புகழோடு அப்பச்சையும் புகழ்பெற்றது. அந்தப் பச்சை ஒரே பச்சையன்று என்பதை அக்கத்திகளை அருகருகே வைத்துப் பார்ப்போர் அறிவர். பாசிநிறம் முதல் கருமை கலந்த பழுப்புப்பச்சை வரை அது பரவிக் கிடக்கிறது.

இப்பரவலின் முதற்காரணம் பிசின். ஃபீனாலிக் பிசின் பிறவியிலேயே தேன்நிறம் கொண்டது. இறுகும்போது அந்நிறம் இன்னும் கூடும். வெள்ளைத் துணியை அதில் தோய்த்தால் கிடைப்பது வைக்கோல் நிறமோ பழுப்போதான். நீலத் துணி பச்சைச் சாயல் பெறும். சிவப்பு, மெரூன் பக்கம் சாயும். வேதியியல் நோக்கில், பிசினின் ஃபீனால் வளையங்களுள் ஒரு பகுதி ஆக்சிஜனோடு சேர்ந்து குயினோன் வகை அமைப்புகளாக மாறுவதே இந்நிறத்துக்குக் காரணம். அவ்வமைப்புகள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் கண்ணுக்கு எஞ்சுவது மஞ்சளும் பழுப்பும். சன்மைக்கா போன்ற அலங்காரத் தகடுகளில் உட்பகுதியை ஃபீனாலிக்கில் வைத்துக்கொண்டு மேல்தாளுக்கு மட்டும் நிறமற்ற மெலமைன் பிசினைப் பயன்படுத்துவதும் இதனால்தான். கத்திப் பிடியில் அந்த ஏமாற்று வேலை நடக்காது. பிடியை உருட்டி இழைக்கும்போது மேல்தாள் முதலில் போய்விடும். பளிச்சென்ற நிறம் வேண்டுவோர் பாலியெஸ்டர் அல்லது எப்பாக்ஸிப் பிசினுக்கு மாறுகிறார்கள்.

செய்முறையிலும் நிறத்தை மாற்றும் இடங்கள் உண்டு. துணிச்சுருள் பிசின்தொட்டியில் இறங்கி ஏறி, உலர்த்தும் அடுப்பு வழியாகச் சென்று, தொட்டால் ஒட்டாத அளவுக்குப் பாதி இறுகிய நிலையில் வெளிவரும். அதைத் தாள்களாக நறுக்கி அடுக்கி, ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மிகுந்த அழுத்தத்தில் நெரிப்பர். ஃபீனாலிக் பிசின் இறுகும்போது நீர் உருவாகி ஆவியாக வெளியேற முயல்வதால், அழுத்தம் தளர்ந்தால் தகட்டுக்குள் கொப்புளங்கள் தோன்றும். துணிக்குச் சாயம் ஏற்றிய தொகுதி மாறினால் நிறம் மாறும். பிசின் கூடக்குறைய ஏறினாலும் மாறும். அடுப்பில் சில நிமிடங்கள் கூடினாலும் தேன்நிறம் ஒரு படி ஆழமாகும். தைக்கக் கொடுத்த துணி போதாமல் அதே கடையில் மறுபடியும் வாங்கச் சென்று, ‘லாட் மாறிப்போச்சு’ என்ற பதிலோடு திரும்பியவருக்கு இது புதிய செய்தியன்று.

பெயர்களிலும் ஒரு சிறு குழப்பம் உண்டு. கித்தான் மைக்கார்ட்டா, லினன் மைக்கார்ட்டா என்று இருவகை விற்கப்படுகின்றன. ஆனால் அமெரிக்க மின்கருவி உற்பத்தியாளர் சங்கமாகிய நெமாவின் தரப்பிரிவுகளில் லினன் எனக் குறிக்கப்படும் தகட்டில் ஆளிச்செடியின் நார் எதுவுமில்லை. இரண்டும் பருத்தியே, ஒன்று முரட்டு நெசவு, மற்றது மெல்லிய நெசவு. நிறத்தைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு பெரியது: மெல்லிய நெசவில் வரிகள் நுணுகிக் கலந்து ஒரே நிறமாகத் தோன்றும், முரட்டு நெசவில் ஒவ்வொரு நூலும் தனித்துத் தெரியும். காகிதத் தகட்டிலோ நெசவே இல்லாததால் பளிங்கு போன்ற அமைதி இருக்கும்.

இனி வெட்டுக்கு வரலாம். இவ்விஷயத்தின் உயிர்நிலை இதுவே. கருப்பும் செம்மஞ்சளும் மாறிமாறி அடுக்கப்பட்ட ஒரு தகட்டை எண்ணிக்கொள்க. அதன் முகம் முழுக்கக் கருப்பு. பக்கவாட்டில் பார்த்தால் நூல்போன்ற இருநிறக் கோடுகள். முகத்துக்கும் பக்கத்துக்கும் இடைப்பட்ட ஒரு சாய்வில் அறுத்தால், சாய்வு எவ்வளவு சிறிதோ அவ்வளவு அகலமாக ஒவ்வொரு அடுக்கும் வெளிப்படும். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள அடுக்கை 30 பாகைச் சாய்வில் அறுத்தால் 1 மில்லிமீட்டர் அகல வரி கிடைக்கும். 6 பாகைச் சாய்வில் அறுத்தால் அதே அடுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு விரியும். கத்திப் பிடி எங்கும் ஒரே சாய்வில் இருப்பதில்லை. உள்ளங்கை பொருந்தும் நடுப்பகுதி மெல்லிய மேடாக இருப்பதால் அங்கே நிறங்கள் திட்டுத்திட்டாக அகன்று கிடக்கும். விளிம்பை நோக்கி வளைவு செங்குத்தாகும்போது வரிகள் நெருங்கி மயிரிழைகளாகும். சுட்டுவிரலுக்கென்று குடைந்த பள்ளத்தைச் சுற்றி அவை வளையங்களாகச் சுழலும். மலைப்பகுதியின் நிலப்படத்தில் சமஉயரக் கோடுகள் செங்குத்துச் சரிவில் நெருங்கியும் சமவெளியில் விலகியும் செல்வது போன்றதே இது. பிடியின் வரிகளை வைத்து அதன் மேடுபள்ளங்களைக் கண்ணாலேயே படித்துவிடலாம்.

இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரு பிடிகளும் ஒத்திராமைக்கு விடை. தகடுகள் சொல்லிவைத்தாற்போல் ஒரே தடிப்பில் அமைவதில்லை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடுவதும் குறைவதும் இயல்பு. கணினி வழிநடத்தும் சி.என்.சி எந்திரம் எத்தனை பிடிகளையும் அணுப்பிசகாமல் ஒரே வடிவத்தில் கடைந்துவிடும். ஆனால் அவ்வடிவம் அடுக்குகளின் எந்த ஆழத்தில் விழுகிறது என்பது தகட்டைப் பொறுத்தது. ஆழம் 0.1 மில்லிமீட்டர் மாறினால், 6 பாகைச் சரிவில் ஒரு நிறத்தின் எல்லை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகரும். 1 பாகையே சரிவுள்ள நடுமேட்டில் அதே எல்லை 5 மில்லிமீட்டருக்கும் மேலாக நகர்ந்துவிடும். கண் முதலில் விழும் நடுமேட்டில்தான் மாறுபாடு மிகுதியாகத் தெரிகிறது என்பது இதில் உள்ள வேடிக்கை. தவிர, அடுக்குகளும் உண்மையில் தட்டையானவையல்ல. நெசவில் நூல் ஏறியிறங்கும் அலைகள் அழுத்தத்தில் ஒன்றுக்குள் ஒன்று பொதிந்துகொள்வதால், ஆழமற்ற வெட்டில் எல்லைகள் நேர்கோடாக இல்லாமல் பற்களாகவும் புள்ளிகளாகவும் சிதறும்.

இடம் வலம் பொருந்தாமைக்கும் இதுவே விளக்கம். பிடி என்பது அலகின் வாலுக்கு இருபுறமும் வைத்து ஆணியடித்த இரண்டு தகடுகள். தகட்டின் ஒரு முகம் கருப்பிலும் மறுமுகம் செம்மஞ்சளிலும் முடியுமானால், இரண்டு பிடித்தகடுகளுக்கும் ஒரே முகம் வெளிப்பக்கம் வருமாறு கண்ணாடிப் பிம்பங்களாக அறுக்க வேண்டும். ஒன்றைப் புரட்டி வைத்துவிட்டால், ஒரு பக்கத்தில் மேடு கருப்பாகவும் மறுபக்கத்தில் செம்மஞ்சளாகவும் வந்து நிற்கும். கையால் இழைக்கும் கைவினைஞருக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு: உப்புத்தாளை ஒரு பக்கம் நான்கு முறை கூடுதலாக இழுத்தாலும் வரிகள் இடம்பெயர்ந்துவிடும். ஒரு வண்ணத் திட்டு மேட்டின் நடுவில் வந்து நிற்கவேண்டும் என்று விரும்பினால், வடிவத்தையும் வரியையும் ஒருசேரக் கவனித்துக்கொண்டே இழைக்க வேண்டும். வடிவம் சரியானபோது வரி தவறியிருக்கும், வரியைத் திருத்தப் போனால் பிடி மெலிந்துவிடும்.

அடுக்கைச் சாய்வாக வெட்டி அழகு காண்பது செயற்கைப் பொருள்களோடு பிறந்த கலையன்று. நீள்வாக்கில் அறுத்த தேக்குப் பலகையில் தெரியும் மலைமுகடு போன்ற வரிகள், மரத்தின் ஆண்டு வளையங்கள் அறுப்பில் சாய்வாக வெட்டுப்படுவதால் தோன்றுபவை. சீனத்தில் பலநிற அரக்குப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, அதில் சாய்வான பள்ளங்களைச் செதுக்கி, பள்ளத்தின் சரிவில் நிறவரிகளை வெளிப்படுத்தும் வேலைப்பாடு நெடுங்காலமாக உண்டு. ஜப்பானில் அதற்கு ‘குரி’ என்று பெயர். அதையே உலோகத்தில் செய்து பார்த்தவராகச் சொல்லப்படுபவர் 17-ஆம் நூற்றாண்டில் அகிதாப் பகுதியில் வாழ்ந்த ஷோவாமி டென்பே. வாளின் உறுப்புகளுக்காகச் செம்பு, வெள்ளி, பொன் முதலியவற்றின் தகடுகளை அடுக்கி இணைத்து, செதுக்கி, தட்டி நிரவி அவர் பெற்ற மரவரி போன்ற தோற்றம் ‘மொகுமே கானே’ எனப்படுகிறது. டமாஸ்கஸ் என்று இன்று விற்கப்படும் வரியெஃகு அலகின் கணக்கும் வேறன்று. வரியெஃகு அலகுக்கு அடுக்குத் தகட்டில் பிடி அமைந்த கத்தியில், பொருள் வேறாயினும் ஒரே வடிவியல் தலைமுதல் அடிவரை ஓடுகிறது.

ஒரே நிறத் துணியால் ஆன தகட்டிலும் நிறம் மாறித் தோன்றுவது ஏன் என்ற கேள்விக்கு விடை இழையின் கிடையில் இருக்கிறது. படுத்துக் கிடக்கும் நூல் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வெளிராகத் தெரியும். வெட்டுண்டு முனை மேல்நோக்கி நிற்கும் நூல் ஒளியையும் எண்ணெயையும் உள்ளே வாங்கிக்கொள்வதால் இருண்டு தெரியும். இதனால் கித்தான் பிடியின் நடுமேடு வெளிறியும் விளிம்புகள் கருத்தும் இருப்பது இயற்கை. கரியிழைத் தகட்டில் இது உச்சத்துக்குப் போகிறது: அங்கே சாயமே கிடையாது, எல்லாம் ஒரே கருப்பு, ஆயினும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் இழைக்கட்டுகள் வெவ்வேறு கோணத்தில் ஒளியைத் தெறிப்பதால் சதுரங்கக் கட்டங்கள் தோன்றி, கத்தியைத் திருப்பினால் கருப்புக் கட்டம் சாம்பலாகவும் சாம்பற்கட்டம் கருப்பாகவும் இடம் மாறிக்கொள்கின்றன.

மேற்பரப்பின் வழவழப்பு இதற்கு அடுத்த காரணம். நனைந்த மணல் காய்ந்த மணலைவிட இருண்டு தெரிவதை எல்லோரும் கண்டிருப்பர். காய்ந்த மணலில் துகள்களுக்கு இடையேயுள்ள காற்று ஒளியைச் சிதறடித்து வெளிறலை உண்டாக்குகிறது, நீர் அந்த இடைவெளியை நிரப்பியதும் சிதறல் குறைகிறது. முரட்டு உப்புத்தாளால் தேய்த்த அல்லது நுண்மணி வீசி மங்கலாக்கிய மைக்கார்ட்டா, காய்ந்த மணலின் நிலையில் இருக்கிறது. அதன்மேல் ஒரு துளி எண்ணெய் விட்டுத் தேய்த்தால் சாம்பல் பூத்தாற்போல் இருந்த பச்சை நொடியில் ஆழ்ந்த பச்சையாகும். சோப்புப் போட்டுத் தூரிகையால் கழுவி உலரவிட்டால் பழைய வெளிறலில் பெரும்பகுதி திரும்பிவிடும். விற்பனைப் படத்துக்கும் கைக்கு வந்த பொருளுக்கும் உள்ள வேறுபாட்டில், படமெடுக்கும் முன் பிடியில் எண்ணெய் தடவியிருந்தார்களா என்பதற்கு நல்ல பங்குண்டு. ஜி-10 எண்ணெயை உறிஞ்சாது. எனினும் அதன் மேற்பரப்புச் சொரசொரப்பும் வெளிறலைத் தரக்கூடியதே. சாயம் சேராத ஜி-10-இல் இன்னொரு வியப்பு: கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பவை, இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் 1.55-ஐ ஒட்டியது. ஆகவே இழை முழுதும் பிசினில் நனைந்த தகடு, பச்சைக்கல் போல ஒளியை ஓரளவு ஊடுருவ விடுகிறது. அடியில் இருக்கும் எஃகின் நிழல் வரை அதன் நிறத்தில் கலந்து வருவதால், எஃகின் மேல் அமர்ந்த பகுதி ஒரு சாயலிலும் வெளியே நீட்டிய விளிம்பு வேறு சாயலிலும் தோன்றும். இதன் தூளைச் சுவாசிப்பது தீங்கு; இழைப்பவர்கள் முகமூடி இன்றி இதைத் தொடுவதில்லை.

சாயமேற்றிய மெல்லிய மரத்தாள்களைப் பிசினூட்டி அடுக்கும் வகையும் இக்குடும்பத்தில் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டைமண்ட்வுட் என்ற பெயரில் இதைச் செய்துவந்த ரட்லண்ட் பிளைவுட் ஆலை 2014-இல் தீக்கிரையானது. அதோடு அப்பொருளின் உற்பத்தி நின்றுபோனது. உடைந்த பிடிக்கு அதே வரிசை நிறத்தில் மாற்றுத் தேடியவர்களுக்கு, தீ விபத்து ஒரு நிறத்தையே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது.

நிறவேறுபாடு எல்லாமே இயல்பு என்று சொல்லிவிடவும் முடியாது. பிசின் போய்ச்சேராத இடத்தில் துணி வெள்ளையாக நரைத்தாற்போல் தெரிந்து, எண்ணெய் தடவியும் மறையாமல், நகத்தால் கீறினால் நார் எழும்பினால் அது உற்பத்திக் குறையே. வரியை ஒட்டி மயிரிழை போன்ற வெண்கோடு ஓடி, நாளடைவில் நீண்டால் அடுக்குகள் பிரிகின்றன என்று பொருள். இவை இரண்டும் வலிமையைத் தொடுபவை. மற்றபடி ஒரு பிடி மற்றொன்றை ஒத்திராமைக்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்பது, ஒரே மரத்தில் அறுத்த இரு பலகைகளில் வரி வேறாக இருக்கிறது என்று மரக்கடையில் சண்டையிடுவதற்கு ஒப்பானது. இதில் விற்போர் மீதும் பிழை இல்லாமலில்லை; எந்திரத்தால் கடைந்த பொருளுக்கு ஒரே ஒரு படத்தைப் போட்டு விற்றால், வாங்குபவர் அந்தப் படத்தைத்தான் எதிர்பார்ப்பார்.

காலம் செய்யும் மாற்றம் தனி வகை. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் ஃபீனாலிக்கைப் பழுப்பாக்கும், எப்பாக்ஸியை மஞ்சளாக்கும். கையின் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் நூல்முனைகளில் ஊறி, விரல்கள் அழுந்தும் இடங்களை மட்டும் கருக்கும். இதைக் கறை என்பாரும் உண்டு, களை என்பாரும் உண்டு. சந்தை இப்போதைக்கு இரண்டாமவர் பக்கம் நிற்கிறது. வெஸ்டிங்ஹவுஸ் முற்காலத்தில் செய்த தந்தநிறக் காகித மைக்கார்ட்டாவை இதற்கு எடுத்துக்காட்டலாம். அதன் உற்பத்தி நின்று நெடுநாளாகிவிட்டது. பழைய தகடுகளில் படிந்த வெண்ணெய் மஞ்சளுக்காகவும் பக்கவாட்டில் தெரியும் நுண்ணிய வரிக்காகவும் சேகரிப்போர் இன்றும் அதைத் தேடிப் பிடிக்கின்றனர். ஆனால் ஒளியும் காற்றும் தந்த அம்மஞ்சள் மேல்தோலளவே. ஆணி தளர்ந்த பழைய பிடியைப் பழுதுபார்க்கும் கைவினைஞர், விளிம்பை நிரவ ஓரிடத்தில் அரத்தை நான்கு முறை ஓட்டினாலும் அங்கே அடியிலுள்ள வெளிர்நிறம் பளிச்சென்று வெளிப்பட்டு, அதைச் சுற்றிப் பல ஆண்டுகளின் மஞ்சள் அப்படியே நிற்கும். அதை மறைக்க முழுப் பிடியையும் தேய்த்தால் சேகரிப்போர் விலை கொடுத்த நிறமே போய்விடும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் அந்த வெளிர்த்தழும்பை அப்படியே விட்டு, கத்தியைச் சன்னலோரத்தில் வெயில் படும்படி வைத்துவிடுகிறார்கள்.